படத்தில் வெள்ளையாகத் தெரிந்த எலும்பு

இவ்வளவு காலம் பேசாமல் இருந்தது போதும் என்று நினைக்கிறேன். டாக்டர் செண்பகவல்லியைப் பற்றி நம் தமிழ்ச் சங்க இணையதளத்தின் அஞ்சலிப் பக்கத்தில் இதுவரை ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். ஏழையும் படித்தேன். அவருடைய கைராசி இருக்கிறது, உரத்த சிரிப்பு இருக்கிறது, பொங்கல் பந்தியில் சாம்பார் வாளியோடு அவர் ஓடியது இருக்கிறது. ஐந்து பேரின் குறிப்பில் ஒரே வாக்கியம் சொல் மாறி வருகிறது: ஆராய்ச்சியில் மட்டும் சற்று அவசரப்பட்டுவிட்டார். அந்த வாக்கியம் எங்கிருந்து புறப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் கல்கத்தாவின் டாக்குரியாவில் ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தேன். கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் ஒன்று போய் வெகு காலமாகிறது. அந்த இடத்து எலும்பு கரைந்து மெலிந்துவிட்டது, புதுப் பல் ஊன்றுவதற்கு முன் எலும்பு போட வேண்டும் என்றார் மருத்துவர். இளம் வங்காளிப் பெண். மரப்பு ஊசி போட்டுவிட்டு, ஒரு சிறு குப்பியில் இருந்த வெள்ளைக் குருணையை எனக்குக் காட்டினார். அது எந்தப் பொருள், எந்தச் சூட்டில் சுட்டது, உள்ளே எப்படிக் கரையும் என்றெல்லாம் அவருக்கு நான் சொல்லியிருக்க முடியும். வாய் மரத்திருந்தது. அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. கேட்டுவிட்டு உதவியாளரிடம் சொன்னார்: "செண்பாதி சோலே கேச்சென்." செண்பா அக்கா போய்விட்டார்.

"சாரி அங்கிள். எங்களுக்குப் பாடம் எடுத்தவர். உங்களுக்குத் தெரிந்திருக்காது" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். தெரியும் என்று ஆட்டினேனா, தெரியாது என்று ஆட்டினேனா என்பது அவருக்கு விளங்கியிருக்காது.

அவரை அறியாத புதியவர்களும் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். செண்பகவல்லி பிறந்தது கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தாவின் மகள். வங்காள மொழியை வங்காளிகளைப் போலவே பேசுவார். தமிழ் மட்டும் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டதை அப்படியே வைத்திருந்தார். சம வயது ஆண்களையும் சற்று இளையவர்களையும் "வே" என்றுதான் கூப்பிடுவார். அறுவை அரங்கின் வாசலில் அவர் என்னை "வாரும் வே" என்று அழைப்பதைக் கேட்டு, அவருடைய ஜூனியர்கள் என் பெயரே அதுதான் என்று நினைத்திருந்தார்கள். ஒருவர் என்னை வெகு நாள் வே-பாபு என்று மரியாதையோடு அழைத்தார். செண்பகவல்லி அதைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

முகத்திலும் தாடையிலும் அறுவை சிகிச்சை செய்வது அவருடைய வேலை. ஒரு அரசு மருத்துவமனையில் ஓய்வு பெறும் வரை இருந்தார். என் வேலை பீங்கான். வீட்டுப் பீங்கான் இல்லை; தொழிற்சாலைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் வேண்டிய பொருள்களைப் பொடியிலிருந்து வார்த்து உலையில் சுடுவது. அவர் என்னைத் தேடி முதல் முறை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது கையில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா இருந்தது. மதிய உணவு நேரம். சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார் என்று மேசையில் இடம் ஒதுக்கினேன். மூடியைத் திறந்தார். உள்ளே பிளாஸ்டரில் வார்த்த மனிதத் தாடை ஒன்று இருந்தது. இடது பக்கம் பாதி இல்லை.

"இந்த ஓட்டைக்கு அளவா ஒண்ணு செஞ்சு தாரும்."

"எதற்கு?"

"எதுக்கா? மனுசன் முறுக்கு திங்கிறதுக்கு வே."

தாடையில் கட்டி வந்து ஒரு பக்கத்தை அறுத்து எடுத்துவிட்டால் முகம் அந்தப் பக்கமாகச் சரிந்துவிடும். மெல்ல முடியாது, பேச்சு குழறும், எச்சில் நிற்காது. அதைச் சரிசெய்ய, முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளில் மெல்லியதை அதன் ரத்தக் குழாயோடு வெட்டி எடுத்து, துண்டாக்கி வளைத்துத் தாடையில் பொருத்துவார்கள். இன்றும் பெரிய குறைகளுக்கு நம்பகமான வழி அதுதான். செண்பகவல்லி அதில் தேர்ந்தவர். ஆனால் ஒரு முகத்துக்காக ஒவ்வொரு தடவையும் நல்ல கால் ஒன்றை வெட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை.

அவர் யோசனை இது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த பொருளை நுண்ணிய துளைகள் நிறைந்த வடிவமாக நான் சுட்டுத் தர வேண்டும். கட்டடம் எழுப்பும்போது மூங்கில் சாரம் கட்டுகிறார்களே, அது போன்ற ஒன்று. நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் மஜ்ஜை எடுத்து, அதில் உள்ள செல்களைப் பெருக்கி, சாரத்துக்குள் விட்டுத் தாடையில் வைக்க வேண்டும். செல்கள் துளைகளைப் பற்றிக்கொண்டு எலும்பை உண்டாக்கும். சாரம் மெல்லக் கரையும். கடைசியில் எலும்பு மட்டும் மிஞ்ச வேண்டும். உலகத்தில் பலர் முயன்றுகொண்டிருந்த வேலைதான். கல்கத்தாவில் எங்களைப் போல் இரண்டு தமிழர்கள், ஒரு பழைய உலையையும் கடன் வாங்கிய ஸ்கேன் நேரத்தையும் வைத்துக்கொண்டு இறங்கியது மட்டும் புதிது.

"எலும்ப நாம வளக்கல வே. இடம் குடுக்கோம். வளருறது அது பாடு" என்பார். இதை அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

நீங்கள் கேட்காத பேச்சும் உண்டு. நான் செய்து கொடுத்த முதல் துண்டை அவர் தன் ஜூனியர்கள் எதிரில் இரண்டு விரலால் அழுத்தினார். உடைந்தது. "சூளைக்காரரே, இது பிஸ்கட்டு. டீயில முக்கித் திங்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் துண்டுக்கு நான் எட்டு மாதம் உழைத்திருந்தேன். என்னை அறுவை அரங்கின் வெளியே பெஞ்சில் மணிக்கணக்கில் காக்க வைப்பார். வெளியே வந்ததும் காத்திருந்தீரா என்றுகூடக் கேட்காமல் பேச்சைப் பாதியிலிருந்து தொடங்குவார். பாராட்ட மாட்டார். நன்றாக வந்தால் "ம்" என்பார். இவற்றை நான் மறக்கவில்லை. இறந்தவரைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். விட்டால் பின்னால் வருவது புரியாது.

அந்த பிஸ்கட் பேச்சுக்குப் பிறகு துண்டு உடையக் கூடாது என்பது எனக்கு ஒரு வெறியாகவே ஆயிற்று. ஆடுகளில் சோதனை செய்யும் கட்டம் வந்தபோது, கடைசி நேரத்தில் உலையின் சூட்டை ஏற்றிப் புதிதாக ஒரு சூளை போட்டேன். ஒரே தடவையில் சுட்டெடுக்கும் துண்டுகளை ஒரு சூளை என்போம். துண்டுகள் இறுகி வந்தன. அவர் இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். உடையவில்லை. "ம்" என்றார்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். எக்ஸ்ரே படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரியும். நான் சுட்ட சாரமும் ஏறக்குறைய அதே பொருள் என்பதால் அதுவும் வெள்ளையாகத்தான் தெரியும். ஆகவே உடலுக்குள் வைப்பதற்கு முன் சாரத்தை மட்டும் தனியாக சி.டி. ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்வோம். அதைத் தொடக்கப் படம் என்போம். சில மாதங்கள் கழித்து எடுக்கும் படத்திலிருந்து தொடக்கப் படத்தின் வெள்ளையைக் கழித்தால், மிச்சம் இருப்பது புதிய எலும்பு. ஒவ்வொரு சூளைக்கும் தனித் தொடக்கப் படம் வேண்டும். சூடு கூடினால் துண்டு இறுகும். இறுகினால் படத்தில் வெள்ளை கூடும்.

மருத்துவமனை ஸ்கேன் எங்களுக்குக் கிடைப்பது ஞாயிறு காலையில் மட்டும். புதுத் துண்டுகளோடு நான் போன ஞாயிறு கருவி பழுது. அடுத்த ஞாயிறு சரஸ்வதி பூஜை, ஆளில்லை. அதற்கு அடுத்த வாரம் ஆடுகளுக்கு அறுவை. பழைய சூளையின் தொடக்கப் படமே கோப்பில் இருந்தது. அதையே வைத்துக்கொண்டேன். மறந்துவிட்டேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிவந்தேன். மறக்கவில்லை. பெரிய வித்தியாசம் வராது என்று விட்டேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகு ஆடுகளின் தாடைகளை ஸ்கேன் செய்தோம். பழைய தொடக்கப் படத்தைக் கழித்தேன். ஓட்டை முழுதும், ஓரத்திலிருந்து நடு வரை, வெள்ளை. செண்பகவல்லி திரையின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இவ்ளோவா?"

"இவ்வளவுதான், டாக்டர். கண்ணால் பார்க்கிறீர்களே."

"சீவல் வரட்டும் வே. பாப்போம்."

சீவல் என்பது தாடையைப் பிசினில் ஊறவைத்து, இறுக்கி, மெல்லிய தகடாக அறுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது. படம் சொல்வதைச் சீவல்தான் உறுதிசெய்யும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். நகரத்தில் பெரிய மாநாடு பத்து நாளில் இருந்தது. வெளிநாட்டில் இதையே செய்துகொண்டிருந்த ஒரு குழு முந்திக்கொள்ளும் என்று எனக்குப் பயம். நான் விடவில்லை. மூன்று நாள் பேசினேன். மருத்துவமனை எதிரே ஒரு சிறிய டீக்கடை. மண்குவளையோடு நின்றபடி கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார். அப்போதே பெயர் வரிசையையும் கேட்டேன். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையதாக இருக்க வேண்டும் என்றேன்.

"இருக்கட்டும் வே. உம்ம பேரே மொதல்ல இருக்கட்டும். அதுக்கு ஏன் டீய ஆறப் போடுதீரு?"

மாநாட்டில் அவர் பேசினார். பத்திரிகையில் சின்னதாக வந்தது. நம் சங்கத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்குப் போர்த்தவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

அடுத்தது மனிதர். ஸ்வபன்-தா என்று ஒருவர், கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். வங்காளத்தில் தாதா, சுருக்கமாக தா, என்றால் அண்ணன். தாடையில் கட்டி, புற்று இல்லை, ஆனால் எலும்பைத் தின்றுகொண்டே போகும் வகை. வலது பாதியை எடுத்தாக வேண்டும். மனிதரில் முதல் சோதனைக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் முதலாவதாக அவரைச் சேர்ப்பதாக இருந்தது. அவருடைய தாடையின் அளவுக்கே ஒரு சாரத்தைச் சுட்டு முடித்திருந்தேன். நான் செய்தவற்றிலேயே அழகான பொருள் அது. இன்று வரைக்கும்.

சம்மதம் கேட்கும் நாளில் நானும் அந்த அறையில் இருந்தேன். செண்பகவல்லி ஆட்டின் படத்தைத் திரையில் போட்டு அவருக்கு விளக்கினார். இது முன்னால், இது பின்னால், இதோ எலும்பு வந்திருக்கிறது. ஸ்வபன்-தா மோவாயைக் கையால் தாங்கியபடி வெகு நேரம் பார்த்தார்.

"ஏக்டா கொதா போல்போ, திதி?" ஒன்று சொல்லட்டுமா, அக்கா, என்றார்.

"சொல்லுங்க ஸ்வபன்-தா."

அவர் வங்காள மொழியில் சொன்னதன் சுருக்கம் இது. தளத்தில் இரண்டு தகடுகளைப் பற்றவைத்ததும் எக்ஸ்ரே எடுப்பார்களாம். பற்றவைத்த இணைப்புக்குப் பின்னால் தாங்கலாக ஒரு பட்டை இருந்தால், படத்தில் அந்தப் பட்டையும் வெள்ளையாக விழுமாம். புதுசாக வந்த இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு இணைப்பு கனமாக, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிடுவாராம். "உங்க கல்லும் வெள்ளை, ஆட்டு எலும்பும் வெள்ளை. எது ஆட்டோடது, எது உங்களோடதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க, திதி?"

நான் சிரித்தேன். கழித்துப் பார்ப்போம் என்று அவருக்கு விளக்கத் தொடங்கினேன். செண்பகவல்லி சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சம்மதத் தாளைக் கோப்புக்குள் திரும்ப வைத்தார். "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க ஸ்வபன்-தா" என்றார்.

அன்று பிற்பகல் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். உட்காரவில்லை. உலையின் பதிவு நோட்டு மேசையில், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் மூடிக் கிடந்தது. எந்தத் தேதியில் எந்தச் சூட்டில் எந்தச் சூளை என்பதெல்லாம் அதில் என் கையெழுத்தில் இருந்தது.

"ஆட்டுல வச்ச துண்டுக்கு, தொடக்கப் படம் எந்தச் சூளையோடது வே?"

"அதே சூளைதான், டாக்டர்."

என்னைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். "சரி" என்று போய்விட்டார்.

பிசினில் இறுகிய தாடைகளை அவரே அறுத்தார். அறுவை நாள்களுக்கு நடுவில், பயிற்சி மாணவர்கள் செய்யும் வேலையை நின்றபடி செய்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னை அழைத்து நுண்ணோக்கியின் முன்னால் உட்கார வைத்தார். ஓரத்தில் புதிய எலும்பு இருந்தது, மெல்லிய விளிம்பாக. அதைத் தாண்டி உள்ளே என் சாரம் அப்படியே நின்றது. துளைகளில் நார்த்திசு, நடுவில் அதுவும் இல்லை, செத்த செல்கள். படத்தில் வெள்ளையாகத் தெரிந்தது என் கல்தான். இறுகச் சுட்டதில் துளைகளின் வாயும் குறுகிவிட்டிருந்தது.

"உள்ள ரத்தமே போகல வே. ரத்தம் போகாத எடத்துல என்னத்த வளரும்?"

அவ்வளவுதான் சொன்னார். சூளையைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சொல்லாததோடு நிற்கவும் இல்லை. வாதாடினேன். விளிம்பு வந்திருக்கிறதே, மனித உடலில் நன்றாக வரலாம், வெளியே உலோகத் தகடு தாங்கிக்கொள்ளும், ஸ்வபன்-தாவுக்கு வைத்துப் பார்ப்போம் என்றேன். அனுமதிக் குழு படத்தை மட்டும் பார்த்தால் ஒத்துக்கொள்ளும் என்றும் சொன்னேன். அந்த வார்த்தையை நான் சொன்னேன் என்பது இன்று எனக்கே வியப்பு.

"ஒரு வருசத்துல அவரு தாடை ஒடையும். உள்ள சீழ் புடிக்கும். பெறகு நான் கால வெட்டி வைக்கவும் எடம் இருக்காது. அவரு எங்கிட்ட ஒழுங்கா ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிருக்காரு. அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"அப்படியென்றால் இத்தனை வருட வேலை?"

"வேலைதான வே. செஞ்சோம்."

ஸ்வபன்-தாவுக்குக் காலிலிருந்து எலும்பு எடுத்துப் பழைய முறையில் தாடை வைத்தார். அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அடுத்த கூட்டத்தில் அதே மேடையில் ஏறி, படத்தை நான் தவறாகப் படித்துவிட்டேன், சீவலுக்குக் காத்திருக்காதது என் பிழை என்று சொல்லி இறங்கினார். ஏன் தோற்றது என்று இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி ஒரு சிறிய ஆய்விதழுக்கு அனுப்பினார். அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி வந்தது. ஒரே பெயர்தான் இருந்தது. அவருடையது.

நேரே மருத்துவமனைக்குப் போனேன். வெளிநோயாளிகள் வரிசை நின்றுகொண்டிருந்தது. அவர்கள் எதிரிலேயே கேட்டேன்.

"என் பெயர் எங்கே?"

"இதுல உம்ம பேரு வேண்டாம்."

"சாரம் நான் செய்தது. என் உழைப்பைத் திருடுகிறீர்கள்."

"ஆமா, திருடுதேன். வழக்குப் போடும் வே. கோர்ட்டு அலிப்பூர்லதான் இருக்கு, நடந்தே போயிரலாம்." அதற்குள் அடுத்த நோயாளியின் வாயில் விளக்கை அடித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நான் வழக்குப் போடவில்லை. அதைவிடச் சுலபமான ஒன்றைச் செய்தேன். நம் சங்கத்தில், நவராத்திரிச் சுண்டல் வரிசையிலும் நாடகத்தின் இடைவேளையிலும், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னேன். செண்பகவல்லி அவசரக்காரி. நான் பொறுக்கச் சொன்னேன், அவர் கேட்கவில்லை. மேடைக்கு ஆசைப்பட்டார். கடைசியில் என் பெயரையும் எடுத்துவிட்டார். இந்த நாலு வாக்கியத்தில் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை. அஞ்சலிகளில் இப்போது நீங்கள் எழுதியிருப்பது அந்த முதல் வாக்கியத்தின் பேரப்பிள்ளை.

திட்டம் அதோடு முடிந்தது. அவருக்கு மேற்கொண்டு ஆராய்ச்சிக்கு யாரும் வழி விடவில்லை. தோல்வியைத் தானே அறிவித்தவரிடம் எந்தக் குழு அடுத்த திட்டத்தைக் கொடுக்கும். ஓய்வு பெறும் வரை கால் எலும்பை எடுத்துத் தாடை வைத்துக்கொண்டிருந்தார். என் மேல் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. என் வேலை பத்திரமாக இருந்தது. குடிநீர் வடிகட்டும் பீங்கான் குழாய்ப் பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். இன்றும் அதில்தான் இருக்கிறேன். அதிலும் துளைகள்தான். சாரத்துக்குள் முதலில் ரத்தக் குழாயை வளர்த்துக்கொண்டு பிறகு தாடைக்கு மாற்றும் முயற்சிகள் இப்போது பல இடங்களில் நடப்பதாகப் படிக்கிறேன். செண்பகவல்லியின் இரண்டு பக்கக் குறிப்பின் கடைசிப் பத்தியில் அந்த யோசனை இருக்கிறது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு மேல் நாங்கள் பேசவில்லை. மூன்று வருடத்துக்கு முன் துர்கா பூஜையின் அஷ்டமி அன்று டாக்குரியாவில் ஒரு பூஜைப் பந்தலில், போக் என்னும் பிரசாதக் கிச்சடி வாங்கும் வரிசையில் என் முன்னால் நின்றிருந்தார். மெலிந்திருந்தார். தட்டில் கிச்சடியும் லாப்ரா என்னும் காய்கறிக் கூட்டும் வாங்கிக்கொண்டு ஒதுங்கி, எனக்காக நின்றார்.

"சூளை எரியுதா வே?"

"எரிகிறது."

ஒரு வாய் சாப்பிட்டார். "அன்னைக்கு நோட்டு மேசை மேலதான் கெடந்தது. நான் தொறக்கல. ஒரு தடவ கேட்டேன், நீரு சொன்னீரு, நான் வந்துட்டேன். தொறந்து பாத்து உம்மகூட நல்லாச் சண்ட போட்டிருக்கணும். அது என் தப்பு."

மேளக்காரர்கள் டாக் என்னும் பெரிய முரசை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் பேச முடியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. அவர் தட்டைக் காட்டி, "திங்கும், ஆறிரும்" என்று உதட்டை அசைத்தார். நான் தின்றேன். அதுதான் கடைசி.

அவருக்குத் தெரிந்திருந்தது. எப்போதும் தெரிந்திருந்தது. இதை வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்கு நன்றி தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. என்னைக் காப்பாற்றும்படி நான் கேட்கவில்லை. பெயரை எடுத்ததில் தண்டனை எவ்வளவு, இரக்கம் எவ்வளவு என்று அவர் சொல்லவும் இல்லை. நோட்டைத் திறந்திருந்தால் நான் ஒரு நாள் அவமானப்பட்டு முடித்திருப்பேன். திறக்காமல் விட்டதால் இத்தனை வருடம் அவரை வெறுக்க வேண்டியிருந்தது. இதற்காக அவரை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

அவரை எரியூட்டிய அன்று மின் மயானத்துக்குப் போனேன். கூட்டத்தின் கடைசியில் நின்றேன். பக்கத்தில் நின்றவரின் முகம் வலது பக்கம் லேசாகத் தட்டையாக இருந்தது. மீசை அதை மறைக்கப் பார்த்தது. ஸ்வபன்-தா. என்னை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

"வே-பாபு" என்றார்.

வெளியே டீ குடித்தோம். பிஸ்கட்டை வலது பக்கமாகவே கடித்தார். மழைக் காலத்தில் கால் வலிக்கும், தாடை ஒரு நாளும் வலித்ததில்லை என்றார். பிறகு எதிர்பாராமல், "நீங்க எனக்காகச் செஞ்சது எங்க வீட்லதான் இருக்கு, தாதா" என்றார். அறுவைக்குப் பிறகு அவர் கேட்டதால் செண்பகவல்லி அந்தச் சாரத்தை அவரிடமே கொடுத்துவிட்டாராம். ஒவ்வொரு விஸ்வகர்மா பூஜைக்கும் தன் வெல்டிங் முகமூடிக்கும் சுத்தியலுக்கும் பக்கத்தில் அதையும் வைத்துப் பூப் போடுவாராம். "அவ்ளோ நல்ல வேலை. தூக்கிப் போட மனசு வரல."

"அது வேலைக்கு உதவாத பொருள், ஸ்வபன்-தா."

"அதுவும் திதி சொன்னாங்க." கொஞ்ச நேரம் டீயைக் குடித்தார். "எங்க தளத்துல யாரு பத்தவச்சாலும் அந்த எடத்துக்குப் பக்கத்துல அவன் நம்பரைக் குத்தி வைக்கணும், தாதா. நாளைக்கு ஒடஞ்சா யாருன்னு தெரியணும்ல. உங்க சாமானைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். உங்க நம்பர் எங்கயும் இல்லை. திதிகிட்ட கேட்டேன். இருக்கு, நான் எடுத்து வச்சிருக்கேன்னாங்க."

டீக்கடைப் பெஞ்சில் இரண்டு பேரும் மயானத்துக்குள்ளிருந்து கூப்பிடும் வரை உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர் செண்பகவல்லியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. தொடக்கப் படம் எந்தச் சூளையோடது. அதற்குரிய பதிலை எழுத்தில் தருகிறேன்: அது பழைய சூளையுடையது. எனக்குத் தெரியும். நான்தான் பொய் சொன்னேன். அவசரமும் என்னுடையதுதான். அஞ்சலியில் அந்த வாக்கியத்தை எழுதிய ஐவரும் அதை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சங்கத்தின் பக்கத்தில் கீழே ஒரு கட்டம் இருக்கிறது. பெயர் எழுதச் சொல்கிறது. கட்டாயமில்லை என்றும் சொல்கிறது. என் பெயரை இரண்டு முறை எழுதி இரண்டு முறை அழித்தேன். எழுதினால், கடைசியில் உண்மையைச் சொன்னவர் என்று சிலர் பாராட்டுவார்கள். நம் ஆட்களை எனக்குத் தெரியும். அவருக்கான பக்கத்தில் அது வேண்டாம். தவிர, ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் உங்கள் முகத்தில் விழிக்கப் பயமாகவும் இருக்கிறது. இதைப் படிக்கும் பாதிப் பேருக்கு நான் யாரென்று இதற்குள் தெரிந்திருக்கும். மீதிப் பேர் கேட்டால் சொல்லிவிடுங்கள், நான் மறுக்க மாட்டேன். கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புகிறேன். எடுத்தவர் வைத்திருந்த இடத்திலேயே அந்தப் பெயர் இருக்கட்டும்.